பழம் பொறியும் திறந்த மூலமும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவியொன்றை உடைமையாகக் கொண்டிருத்தல் ஒன்று. அதனைத் தன் தேவைக்கேற்ப இயக்கவும் பழுது பார்க்கவும் உரிமை பெற்றிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை யாழ்ப்பாணம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டது. 1820ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமாரின் பணிக்கென அச்சியந்திரம் ஒன்றும் ஜேம்ஸ் காரெற் என்னும் அச்சாளரும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். அமெரிக்கர் மேலும் வந்து குடியேறுவதை விரும்பாத தேசாதிபதி எட்வேட் பான்ஸ், அச்சாளரைத் தீவை விட்டு நீங்குமாறு பணித்தார். காரெற் பம்பாய் சென்றார். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் தொழிற்படத் தொடங்க 1834ஆம் ஆண்டு ஆயிற்று. அதன் பின்னரே 1841இல் உதயதாரகையும், 1842இல் மானிப்பாய் அகராதி என வழங்கும் யாழ்ப்பாண அகராதியும் வெளிவரலாயின. இரும்பும் ஈயமும் முன்னரே வந்துவிட்டன. அவற்றை இயக்கும் அனுமதிக்கே பதினான்கு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கி வந்து வண்ணார்பண்ணையிலே தமக்கென அச்சுக்கூடம் நிறுவியமைக்கும் இப்பின்னணியிலேயே முழுப்பொருள் உண்டு. பிறருடைய யந்திரத்திலே அச்சிடுவோன் அவருடைய விருப்பிற்கும் நிபந்தனைக்கும் உட்பட்டவன் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். அச்சியந்திரத்தின் வரலாற்றில் எழுந்த அதே வினா நமது காலத்திலே கணனியின் வரலாற்றிலும் எழுந்துள்ளது. வீட்டு மூலையிற் கிடக்கும் பழைய கணனியொன்று பயனற்றது என யார் தீர்மானிப்பது? செய்து விற்ற நிறுவனமா, அன்றி அதனை வைத்திருப்பவரா? திறந்த மூலப் பணிசெயல் முறைமைகள் தோன்றிய வரலாற்றினூடாக இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழகத்தார் இயங்குதளம் என வழங்குவதையே ஈழத்துப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் இடையே நின்று, நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை, திரை முதலியவற்றை ஆளும் அடிப்படை நிரற்றொகுதி அது. அஃதின்றேற் கணனி வெறும் பெட்டியே.

இவ்வாராய்ச்சிக்கு வாய்த்த நேரடித் தூண்டுதல் சண்டிலிப்பாயிற் கிடைத்தது. மானிப்பாய்க்கு அயலூரான சண்டிலிப்பாய், கல்வளைப் பிள்ளையார் கோயிலாலும் சீரணி நாகபூஷணி அம்மன் கோயிலாலும் பலரறிந்த ஊர். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் கல்வளையந்தாதி எழுந்தது இவ்வூர்ப் பிள்ளையார் மீதே. இங்குள்ள வீடொன்றிலே, காலஞ்சென்ற ஆசிரியர் ஒருவர் பயன்படுத்திய கணனி, துணியால் மூடப்பட்டு நெடுங்காலம் கிடந்தது. ஊரவர் பலருக்குக் கல்வெட்டும் கோயிலுக்குச் சிறப்பு மலரும் எழுதித் தட்டச்சுச் செய்து கொடுத்தவர் அவர். ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளிலே அவரது குடிவழி, தொழில், குணநலன் ஆகியவற்றைப் பாவிலும் உரையிலும் அமைத்து அச்சிட்டு வழங்கும் நினைவு நூலையே யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்பர். ஓர் ஊரின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இவற்றினுஞ் சிறந்த சான்றுகள் மிகச் சிலவே. ஆசிரியரின் துணைவியார் இக்கட்டுரையாளரிடம் கேட்டது இவ்வளவுதான்: “தம்பி, இதுக்குள்ள அவர் எழுதினதெல்லாம் கிடக்குது. எடுக்கேலுமே?” அவ்வினாவிற்கு விடை கூறுவதற்கு முன்னர், விடை கூற உதவிய மென்பொருளின் வரலாற்றை நோக்குதல் பொருத்தமானது.

திறந்த மூலப் பணிசெயல் முறைமைகளின் மூதாதை யுனிக்ஸ் ஆகும். அதன் பிறப்பே பழைய பொறியொன்றுடன் தொடர்புற்றிருப்பது ஈண்டு கருதத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம், மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம், ஜெனரல் இலெக்ரிக் நிறுவனம் ஆகிய மூன்றும் கூடி மல்ரிக்ஸ் என்னும் பெரும் முறைமையொன்றை ஆக்க முயன்றன. முயற்சி நீண்டது, செலவு பெருகியது. 1969இல் பெல் ஆய்வுகூடம் அதிலிருந்து விலகிக்கொண்டது. அங்குப் பணியாற்றிய கென் தொம்சன் புதிய கணனி கோரியும் கிடைக்கவில்லை. எனவே, ஆய்வுகூடத்திலே அதிகம் பயன்படுத்தப்படாது கிடந்த பி.டி.பி.-7 என்னும் சிறு கணனியை எடுத்து, அதன் மீது தம் எண்ணப்படி ஒரு முறைமையை ஆக்கினார். டெனிஸ் றிச்சி முதலியோர் உடன் உழைத்தனர். வளங்குன்றிய பொறிக்கென எழுதப்பட்டமையாலேயே அது சுருக்கமும் தெளிவும் உடையதாக அமைந்தது எனலாம்.

அடுத்த படி 1973இல் நிகழ்ந்தது. அதுவரை பணிசெயல் முறைமைகள் பெரும்பாலும் அவ்வப் பொறியின் தனி மொழியிலேயே எழுதப்பட்டன. பொறி மாறினால் முறைமையையும் புதிதாக எழுதவேண்டும். யுனிக்ஸின் பெரும்பகுதியை றிச்சி ஆக்கிய சி என்னும் மொழியில் மாற்றி எழுதியதன் பயனாக, அதனை ஒரு பொறியிலிருந்து பிறிதொரு பொறிக்குப் பெயர்த்தல் இயல்வதாயிற்று. மூல நிரலை வைத்திருப்போர், புதிய பொறிக்குரிய சில பகுதிகளை மட்டும் திருத்திக்கொண்டாற் போதும். பழைய வன்பொருளில் இன்றைய முறைமையொன்று இயங்குவதற்கான வித்து இங்கேயே இடப்பட்டது.

மூல நிரல் பரவியதற்குச் சட்டமும் ஒரு காரணம். பெல் ஆய்வுகூடத்தைத் தன்னகத்தே கொண்டிருந்த ஏ.ரி.அன்ட்.ரி. தொலைபேசி நிறுவனம், 1956ஆம் ஆண்டு இணக்கத் தீர்ப்பொன்றின்படி தொலைத்தொடர்பு தவிர்ந்த வணிகத்தில் ஈடுபட இயலாதிருந்தது. ஆதலின் யுனிக்ஸைப் பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணத்தில் மூல நிரலுடனேயே வழங்கியது. அவ்வாறு பெற்றவற்றுள் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகம், தான் செய்த திருத்தங்களை 1978 முதல் பி.எஸ்.டி. என்னும் பெயரில் வெளியிடலாயிற்று. அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஜோன் லயன்ஸ், 1976 அளவில் அம்மூல நிரலை வரிவரியாக விளக்கும் உரைநூலொன்றைத் தம் மாணவர்க்கென எழுதினார். மூலமும் உரையுமாக அமைந்த அந்நூல், நமது மரபிலே சூத்திரமும் உரையும் போன்றதே. ஆயின் 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்புடன், மூல நிரலை வகுப்பறையிற் பாடமாகப் பயன்படுத்துதல் தடுக்கப்பட்டது. லயன்ஸின் உரைநூலை வெளிப்படையாக அச்சிட இயலாது போயிற்று. மாணவர் அதனைப் படிப்படியாகப் பிரதி செய்து, பிரதியிலிருந்து பிரதி எடுத்து, உலகெங்கும் கொண்டு சென்றனர். 1996இலேயே அது முறைப்படி நூலாக வெளிவந்தது. இருபதாண்டுக் காலம் ஒரு தொழினுட்ப நூல், ஏடு பெயர்த்தெழுதும் முறையிலே உயிர் வாழ்ந்தது என்பது சிந்திக்கற்பாலது.

1980களின் தொடக்கத்திலே நிலைமை மாறியது. மென்பொருள் தனி வணிகப் பண்டமாயிற்று. மூல நிரல் மறைக்கப்பட்டு, பொறி மட்டுமே படிக்கக்கூடிய வடிவம் விற்கப்பட்டது. மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்ரோல்மன், அயலார்க்கு உதவுவதையே குற்றமாக்கும் ஏற்பாடு இது எனக் கருதினார். 1983 செப்ரெம்பர் 27ஆம் நாள் குனு என்னும் பெயரில் முழுமையான கட்டற்ற முறைமையொன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றியது; 1989இல் குனு பொது உரிமம் வெளியாயிற்று. எந்நோக்கத்திற்கும் இயக்குதல், மூலத்தைக் கற்றுத் திருத்துதல், பிரதி செய்து பிறர்க்கு வழங்குதல், திருத்திய வடிவத்தையும் பரப்புதல் என்னும் நால்வகை உரிமைகளையே அவர் கட்டின்மை எனக் கொண்டார். அதனை இலவசம் எனக் கொள்வது பிழை. விலை கொடுத்து வாங்கினும் உரிமை உண்டெனின் அது கட்டற்றது. விலையின்றிக் கிடைப்பினும் உரிமையில்லையெனின் அது கட்டுண்டதே.

குனு முறைமைக்கு வேண்டிய உறுப்புகள் பல 1990 அளவில் ஆக்கப்பட்டிருந்தன. வன்பொருளை நேரடியாக ஆளும் கருவே எஞ்சியிருந்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ், 1991 ஜனவரியில் இன்டெல் 80386 முறைவழியாக்கி கொண்ட கணனியொன்றை வாங்கினார். அதற்கு நான்காண்டுகளின் முன்னர் அன்ட்ரூ ரனென்பாம் கற்பித்தற் பொருட்டு ஆக்கிய மினிக்ஸை அதில் நிறுவிப் பார்த்தார். அதன் எல்லைகள் அவருக்குப் போதவில்லை. 1991 ஓகஸ்ற் 25ஆம் நாள் தாம் புதிய முறைமையொன்றை எழுதி வருவதாக அறிவித்தார். அதுவே லினக்ஸ் ஆயிற்று. 1992இல் அதனைக் குனு பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டமையே அதன் வளர்ச்சிக்கு அடிகோலிய செயலாகும். 1993இல் ஸ்லாக்வெயார், டெபியன் ஆகிய லினக்ஸ் வழங்கல்களும், பேர்க்லி மரபில் வந்த நெற்பிஎஸ்டி, பிரீபிஎஸ்டி ஆகியனவும் ஒரே ஆண்டிலே தோன்றின. இவற்றுள் நெற்பிஎஸ்டி, இயன்ற அளவு பல்வகைப் பொறிகளிலும் இயங்குதலையே தன் குறிக்கோளாகக் கொண்டது. ஐம்பதிற்கு மேற்பட்ட வன்பொருள் வகைகளுக்கு அது பெயர்க்கப்பட்டுள்ளது. 1977இல் அறிமுகமான வக்ஸ் கணனி வகையும் அவற்றுள் ஒன்று.

எனினும், திறந்த மூல முறைமைகள் பழைய பொறிகளை என்றும் கைவிடுவதில்லை எனக் கூறுதல் உண்மைக்கு மாறாகும். லினக்ஸ் எந்த முறைவழியாக்கியிற் பிறந்ததோ அதே 80386இற்கான ஆதரவு 2012 டிசெம்பரில் அதன் மூலத்திலிருந்து நீக்கப்பட்டது. 2025 ஓகஸ்ற்றில் வெளிவந்த டெபியன் பதின்மூன்றாம் பதிப்பு, 32 இருமப் பழைய கணனிகளுக்கான நிறுவியை வழங்கவில்லை. பேணுவோர் குறைந்த பொறியைப் பேணும் சுமையை ஏனையோர் தாங்குவதற்கும் எல்லையுண்டு. ஆயின் வேறுபாடு யாதெனில், ஆதரவு நீங்கிய பின்னரும் உரிமை நீங்குவதில்லை. பழைய பதிப்பின் மூலம் எவர்க்கும் கிடைக்கின்றது. வேண்டுவோர் அதனை எடுத்துத் தாமே பேணலாம். மறைமூல முறைமையின் நிலை இதற்கு மாறானது. விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு 2014 ஏப்ரில் 8ஆம் நாளும், விண்டோஸ் பத்தின் பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் நாளும் முடிவுற்றன. அடுத்து வந்த விண்டோஸ் பதினொன்று, குறித்த பாதுகாப்பு வன்பொருளும் குறித்த காலத்துக்குப் பிந்திய முறைவழியாக்கியும் இல்லாத கணனிகளை முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக இயங்கும் கணனிகள் பல இதனாற் பழுதின்றியே பழசாயின. அவற்றை வைத்திருப்போர் விரும்பினும் அம்முறைமையைத் திருத்தித் தாமே பேண வழியில்லை. மூலம் அவர் கையில் இல்லை.

பொறியைப் பழசாக்க மறுக்கும் மனப்பான்மை யாழ்ப்பாணத்திற்குப் புதிதன்று. 1990 முதல் குடாநாடு தேசிய மின் வழங்கலை இழந்திருந்த காலத்தையும், எரிபொருளும் மின்கலங்களும் தடுக்கப்பட்டிருந்த காலத்தையும் வாழ்ந்து கழித்தவர்கள் இன்றும் உளர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரித்தனர். பெற்றோல் சில துளிகளால் இயந்திரத்தைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிளும் காரும் ஓட்டினர். ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் செய்த நிறுவனங்கள் மறைந்த பின்னரும் யாழ்ப்பாண வீதிகளில் அவை ஓடின. இது எவ்வாறு இயன்றது? அக்காரின் பொறியை மூடித் திறந்து பார்க்கலாம்; உறுப்பொன்று தேய்ந்தால் உள்ளூர்ப் பட்டறையிற் கடைந்து போடலாம். திறக்கக்கூடியதாக அமைந்தமையாலேயே அது பேணக்கூடியதாயிற்று. மூல நிரல் திறந்திருத்தல் என்பது கணனிக்கு அத்தகைய மூடியை அமைத்தலேயாகும்.

இனிச் சண்டிலிப்பாய்க் கணனிக்கு வருவோம். அது 2002ஆம் ஆண்டு ஏ-9 பாதை திறந்த பின்னர், தெற்கிலிருந்து பொருள்கள் வந்த காலத்தில் வாங்கப்பட்டது. பென்ரியம் மூன்று முறைவழியாக்கி, 128 மெகாபைற் நினைவகம், 20 கிகாபைற் வன்தட்டு, விண்டோஸ் 98 என்பன அதன் அமைப்பு. மூடியைக் கழற்றித் தூசு நீக்கி, மின்தேக்கிகள் வீங்கியுள்ளனவா எனப் பார்த்து, நாணயம் போன்ற மின்கலத்தை மாற்றிய பின்னரே மின் கொடுக்கப்பட்டது. அம்மின்கலம் செயலிழந்தமையாற் கணனியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்சென்றிருந்தது. விண்டோஸ் தொடங்கி இடைநடுவே நின்றது. மீளத் தொடங்கியபோதும் அவ்வாறே நின்றது.

இந்நிலையில் உடனே புதிய முறைமையை நிறுவுதல் பெரும் பிழையாகும். நிறுவுதல் என்பது வன்தட்டைப் பகுத்து எழுதுவதாகையால், முன்னிருந்தவை அழியும். எனவே, வன்தட்டைத் தீண்டாது, இறுவட்டிலிருந்தே தொடங்கி நினைவகத்தில் இயங்கும் முறைமையொன்று தேவைப்பட்டது. பரி கவ்லர் என்னும் அவுஸ்திரேலியர் 2003இல் தொடக்கிய பப்பி லினக்ஸ் இத்தகையது. அதன் பழைய பதிப்பொன்று இக்கணனிக்குப் போதுமானதாயிற்று. அதனைக் கொண்டு, வன்தட்டு முழுவதையும் ஒன்றும் விடாது, வெற்றிடங்களையுங்கூட, அப்படியே வெளித்தட்டொன்றிற் படியெடுத்தோம். அக்காலத்து யூ.எஸ்.பி. இணைப்பு செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைற்றே கடத்தும். 20 கிகாபைற்றைப் படியெடுக்க ஆறு மணித்தியாலம் சென்றது. இடையிடையே வன்தட்டிலிருந்து எழுந்த ஒலி, அது இன்னொரு முறை இவ்வாறு இயங்குமோ என்னும் ஐயத்தைத் தந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த காலத்தே, தொட்ட இடத்தில் ஒடியும் ஏடுகளின் நிலையைத் தம் பதிப்புரைகளில் எடுத்துரைத்துள்ளார். காந்தத் தட்டின் நிலையும் அதுவே. ஒருமுறை சரியாகப் படியெடுக்கும் வரை ஆராய்ச்சிக்கோ திருத்தத்திற்கோ இடமில்லை.

படியிலே எழுபதிற்கு மேற்பட்ட ஆவணங்கள் இருந்தன. திறந்த மூல அலுவலக மென்பொருளான லிப்ரேஒபிஸ் அவற்றைத் திறந்தது. ஆயின் திரையில் தோன்றியது தமிழன்று. ஆங்கில எழுத்துக்களும் குறியீடுகளும் பொருளின்றிக் கலந்த தொடர்கள். ஈழத்தில் அந்நாளிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் அவை தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தமையே காரணம். பாமினி முதலிய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குரிய குறியெண்ணின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தவை. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்தால் அவ்வெழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல் தோன்றும். எழுத்துரு இல்லாத கணனியில் அது தமிழ் என்பதற்கு எவ்வித அடையாளமும் இராது.

இக்குறையையும் வரலாற்று நோக்கிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். பிறமொழிக்கெனச் செய்யப்பட்ட பொறியைத் தமிழுக்கு வசப்படுத்தும் முயற்சி, யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்த நாள் முதலாகத் தொடர்கின்றது. 247 எழுத்துக்களைச் சில பத்து விசைகளில் அடக்குதற்கு அவர் நகரா விசையைக் கையாண்டார். குற்றோ விசிறியோ முதலில் விழும்; உருளை நகராது நிற்கும்; அதன்பின் எழுத்து விழுந்து இரண்டும் ஓருருவாகும். கணனி எழுத்துருவாளர் செய்ததும் அத்தகைய இட நெருக்கடித் தீர்வே. ஆயின் தட்டச்சுப் பொறி தாளில் எழுத்தையே விட்டுச் செல்லும். கணனியோ குறியெண்ணை மட்டுமே விட்டுச் செல்லும். அக்குறியெண்ணின் பொருள் பொதுவாக அறியப்படாதவிடத்து ஆவணம் ஊமையாகிவிடும். 1991இல் வெளிவந்த யுனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் கிடைத்ததெனினும், அது மக்கள் வழக்கில் வேரூன்ற மேலும் பல்லாண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் எழுந்த தமிழ் ஆவணங்கள் யாவும் இவ்வாபத்திற்கு உட்பட்டவையே.

நல்வேளையாக, பாமினியின் அமைப்பு பலருக்குத் தெரிந்தது. அதனை யுனிகோட்டிற்கு மாற்றும் நிரல்களைத் தன்னார்வலர் எழுதித் திறந்து வைத்துள்ளனர். மாற்றுதல் வெறும் எழுத்துக்கெழுத்து மாற்றமன்று. பாமினியில் ‘கெ’ என்பதன் கொம்பு எழுத்துக்கு முன்னே தட்டப்படும். யுனிகோட்டில் மெய்யெழுத்தின் வரிவடிவம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். ‘கொ’ என்பதில் எழுத்தின் இருமருங்கும் நின்ற குறிகள் இரண்டும் ஒரே குறியாகச் சேர்தல் வேண்டும். இம்முறை வழுவினாற் கண்ணுக்குத் தமிழ் போலத் தோன்றும், தேடினாற் கிடையாது. நிரலின் மூலம் கையில் இருந்தமையால், சில பழைய கூட்டெழுத்துக்களுக்கு வேண்டிய திருத்தத்தை நாமே செய்துகொள்ள இயன்றது. எழுபதிற்கு மேற்பட்ட ஆவணங்களில், வன்தட்டின் பழுதான பகுதியிற் கிடந்த மூன்றைத் தவிர ஏனையவை மீண்டன. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது வீட்டில் விட்டுச் சென்ற காகிதங்களை மீண்டு வந்து காணாத குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் குடிவழி, ஆசிரியர் பின்னர் கேட்டு எழுதிய இக்கல்வெட்டுக்களில் மட்டுமே உள்ளமை படித்தபோது தெரியவந்தது. அம்மையார் ஒவ்வொன்றின் பெயரையும் வாசிக்கக் கேட்டு, அவர் யார் வீட்டார் என்பதைத் தாமே கூறிவந்தார்.

படியெடுத்தல் முடிந்த பின்னரே அக்கணனியில் நெற்பிஎஸ்டி நிறுவப்பட்டது. அதன் நிறுவி வண்ணப் படங்கள் அற்றது. எழுத்துப் பட்டியல்களால் ஆனது. வன்தட்டைப் பகுத்தல், நினைவகத்திற்குத் துணையாக வன்தட்டில் ஓரிடம் ஒதுக்குதல், அடிப்படைத் தொகுதிகளை விரித்தெழுதுதல், ஆளுவோன் கடவுச்சொல்லை அமைத்தல் என நான்கைந்து படிகளில் வேலை முடிந்தது. பதினான்கு ஆண்டு உறங்கிய கணனி விழித்துக்கொண்டது. எனினும் அதன் பயனை மிகைப்படுத்திக் கூறுதல் தகாது. இன்றைய இணையப் பக்கங்களை அது தாங்காது. எழுத்து மட்டும் தோன்றும் அதன் திரையிலே தமிழ் தோன்றாது. தமிழுக்கு வரைகலைத் திரையும் எழுத்திணைப்பு மென்பொருளும் வேண்டும். அவற்றிற்கு நினைவகம் போதாது. அது மாணவர்க்குக் கணனி இயங்கும் முறையைக் காட்டும் கருவியாகவும், சிறு கோப்புச் சேமிப்பகமாகவுமே உதவும். பழைய பொறியெல்லாம் புதியதற்கு ஈடாகும் என வாதிடுவோர் திறந்த மூலத்திற்கு நன்மை செய்பவராகார். நன்கொடை என்னும் பெயரிலே பிறநாடுகள் கழித்த கணனிகளைப் பள்ளிக்கூடங்களிற் குவித்தலுக்கும் இவ்வாதம் துணைபோகலாகாது.

தனியொருவர் முயற்சி பொதுமுயற்சியாக வளர்ந்த எடுத்துக்காட்டுகள் நமது பிராந்தியத்திலேயே உள. கேரளம் தன் பள்ளிக்கூடக் கணனிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளின் மீது அமைத்தது. தமிழகத்தில் 2006ஆம் ஆண்டிற்குப் பின்னர் எல்கொற் நிறுவனம் அரச அலுவலகக் கணனிகளிற் பலவற்றை லினக்ஸிற்கு மாற்றியது. இந்தியாவின் சி-டக் நிறுவனம் 2007இல் பொஸ் லினக்ஸை வெளியிட்டது. இலங்கையில் 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர், கொழும்பிலே தன்னார்வலர் சில நாட்களிலே எழுதிய சகானா என்னும் திறந்த மூல நிவாரண மென்பொருள் பின்னர் பிறநாடுகளிலும் பயன்பட்டது. கே.டி.ஈ., குனோம் ஆகிய மேசைத்தளங்களைத் தமிழாக்கியோர், தமிழகத்தாரும் ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோருமாகிய தன்னார்வலரே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் அச்சு நூல்களை எண்ணிம வடிவிற்குக் கொணர்ந்து பொதுவில் வைத்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தமையை நினைவிற் கொள்வோர்க்கு, ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்திருத்தலின் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

எனினும் இதுவரை நாம் காத்தவை பெரும்பாலும் ஏடும் அச்சும். கணனியிலேயே பிறந்து, சில நூறு பிரதி அச்சாகியோ அச்சேறாமலோ போன எழுத்துக்கள் ஊர்தோறும் உள. 1990களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுக் காலத்தில் எழுந்த கல்வெட்டுகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், நாடகப் பிரதிகள், கிராமச் சங்க அறிக்கைகள் முதலியன அவை. அவற்றைத் தாங்கும் வன்தட்டுகளும் இறுவட்டுகளும் நெகிழ்வட்டுகளும் பனையோலையினும் குறைந்த ஆயுள் உடையன. நன்கு பேணிய ஓலை இருநூறு ஆண்டுகள் நிற்கக்கூடும். இவை இருபது ஆண்டு நிற்பதே அரிது. கணனி பழசாயிற்று என்று இரும்பு விலைக்கு விற்கும்போது, அதனுள் இருக்கும் ஊரின் நினைவும் உடன் விற்கப்படுகின்றது.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இத்துறையிற் செய்யக்கூடியது பெரிது; செலவோ சிறிது. மாணவர் தத்தம் ஊரில் மூடிக் கிடக்கும் கணனிகளைத் தேடி அறிதல், உரியவர் இசைவுடன் வன்தட்டை முழுமையாகப் படியெடுத்தல், எழுத்துருவை இனங்கண்டு யுனிகோட்டிற்கு மாற்றுதல், வெளியிடத்தக்கவற்றை உரியவர் ஒப்புதலுடன் எண்ணிம நூலகங்களுக்கு அளித்தல் என்னும் நான்கு பணிகளும் மாணவர் ஆற்றலுக்கு உட்பட்டவையே. கல்வெட்டு குடும்பத்தின் சொத்து; ஆதலின் ஒப்புதலின்றி எதனையும் வெளியிடலாகாது என்பது முதல் விதியாதல் வேண்டும். தேவையான மென்பொருள் யாவும் திறந்த மூலமாகவே கிடைக்கின்றன. எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

1820இல் அச்சியந்திரம் வந்தும் அமெரிக்க மிஷனரிமார் காத்திருந்தனர், அதனை இயக்கும் அனுமதி இன்மையால். இன்று அனுமதி நம் கையிலேயே உள்ளது. காத்திருப்பவை பழம் பொறிகள். அவை நெடுங்காலம் காத்திரா. சண்டிலிப்பாய் வீட்டிலே அன்று இழந்த மூன்று ஆவணங்களுள் ஒன்று, அவ்வாசிரியர் தம் தாயாருக்கு எழுதிய கல்வெட்டு என்பதைப் பட்டியலை ஒப்புநோக்கியபோது அம்மையார் கூறினார். இரண்டு ஆண்டுகள் முன்னதாகச் சென்றிருந்தால் அதுவும் கிடைத்திருக்கக்கூடும்.